புல்லுக்குத் தும்மும் திருவொற்றியூர்க்காரன்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்துக்குள் காற்றைப் பற்றிய பேச்சு வந்துவிடும். போன வாரம் பாபு பேசினான். திருவொற்றியூரில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போது கொடுங்கையூரில் ஃபிளாட் வாங்கிக் குடிபோயிருக்கிறான். குப்பை மேட்டில் மறுபடியும் தீப்பிடித்துவிட்டதாம்.

"நாலு நாளா ஜன்னல தொறக்க முடியல மாமு. பொக நேரா ஹாலுக்குள்ள வந்து குந்திகினு கீது. கொயந்தைங்க இருமிகினே கீதுங்கோ. உனுக்கு இன்னா, சோக்கா கீற. சுத்தமான காத்து, பச்சப்பசேல்னு புல்லு."

சிரிப்பு வந்தது, அவன் கஷ்டத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். அந்த ஜூன் மாதக் காலையில் நானும் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, மூக்கு ஓரத்தில் வாசலின் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சொன்னேன். நம்பவில்லை.

"ரீல் வுடாதடா. அமோனியா குட்ச்சி வளந்த மூக்குடா அது. அதுக்குப் போயி புல்லு ஒத்துக்கலயாம்!"

அவன் சொன்னதும் சரிதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புகைக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவன் நான். மணலி உரத் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கண் எரியும், பாடம் நடந்துகொண்டே இருக்கும். முதல் வேலை ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சியில் கம்ப்யூட்டர் தட்டுவது. சாயங்காலம் முகம் துடைத்தால் கைக்குட்டையில் கரி வரும். அப்போதெல்லாம் ஒரு தும்மல் கிடையாது. தொண்ணூற்றெட்டில் இங்கிலாந்துக்கு வந்து, வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊரில், ஒரு பெரிய கிடங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். மூன்றாவது கோடையில் நோயில் விழுந்தேன். அந்தக் கதையைப் பாபுவுக்கு முழுதாகச் சொல்ல அன்று நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

அந்த வருஷம் மே மாதம் நடுவில் தொடங்கியது. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கு குழாய் மாதிரி ஒழுகும். கண் சிவந்து அரிக்கும், மேலண்ணம் அரிக்கும். ஜலதோஷம் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. ஜலதோஷம் என்ன வாடகைக்கா வந்திருக்கிறது, போக வேண்டாமா? படுத்தால் தொண்டையில் சளி இறங்கி இருமல் வந்தது. தூக்கம் கெட்டது. வாய் ருசி செத்துப்போய்ச் சாப்பாடு குறைந்தது. பேன்ட் இடுப்பில் நழுவ ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸில் மூக்கைச் சிந்தி, இருமி, கைக்குட்டையைப் பார்த்தால் அதில் ஒரு ரத்தக் கோடு.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபடி நின்றேன். விடாத இருமல், மெலிந்த உடம்பு, ரத்தம். எங்கள் தெருவில் இந்த மூன்றும் சேர்ந்தால் நோயின் பெயரைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. டீபி. எனக்கும் டாக்டர் தேவைப்படவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

3

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எண்ணூர்ப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தார். எனக்கு ஆறு வயதிருக்கும்போது அவருக்கு டீபி வந்தது. ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரே அறை வீடு. அதன் மூலையில் அம்மா பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் நைனாவின் பாய், நைனாவின் தட்டு, நைனாவின் டம்ளர். நான் அங்கே போகக் கூடாது. இதை யாரிடமும் சொல்லவும் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயம். பள்ளியில் யாராவது கேட்டால், "நைனாவுக்கு முதுகு வலி" என்று சொல்ல அம்மா பழக்கியிருந்தாள்.

நைனா பிழைத்துவிட்டார். சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்தார்கள். திரையை அவிழ்த்தாயிற்று. ஆனால் அவர் மட்டும் அந்த மூலையை விட்டு வரவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வழக்கமாகிப்போனது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன், ரத்தக் கோட்டைப் பார்த்ததும் என்ன செய்வான்? நைனா செய்ததைத்தான் செய்தேன். அன்று சாயங்காலமே எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் ஒதுக்கினேன். படுக்கையை மாடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினேன். என் மனைவி தேவியிடம், "இருமல் உன் தூக்கத்தைக் கெடுக்குது" என்று காரணம் சொன்னேன். மகள் ஷாலினிக்கு அப்போது ஏழு வயது. நான் ஆபீஸ் முடிந்து வந்ததும் ஓடி வந்து என் மேல் ஏறுவாள். "அப்பாவுக்கு ஜலதோஷம், கிட்ட வராதே" என்று கையை நீட்டித் தடுத்தேன். ஒரு வாரம் முயன்றாள். அதற்கப்புறம் நான் வந்தாலும் டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அதற்குள்ளாகவே அவளுக்குத் தமிழ் நாக்கில் நழுவத் தொடங்கியிருந்தது. படுக்கும் முன் நான் சொல்லும் கதைதான் அவளுக்கு ஒரே தமிழ்ப் பாடம். அதையும் நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் அப்போது விசா நீட்டிப்புக்காக அரசாங்க அலுவலகத்தில் கிடந்தன. இந்த நாட்டுக்கு வந்த அன்றே, நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பெரிய பழுப்பு உறையில் போட்டு விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். விமான நிலையத்தில் ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அப்படிப்பட்டவர்கள் இப்போது தெரிந்தால் சும்மா விடுவார்களா? மூன்று பேரையும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நம்பினேன். காலடிப்பேட்டை வீட்டுக்காரர்தான் இங்கே கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

4

மருந்துக்கு வழியில்லை. நைனாவுக்கு அன்றைய டாக்டர் சொன்ன இன்னொன்று ஞாபகம் இருந்தது. நல்ல காற்று. அதற்காக அவர் தினமும் விடிகாலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வருவார். இங்கே நல்ல காற்றுக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பின்னால் பரந்த புல்வெளி. முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து, கதிர் விட்டு அசைந்துகொண்டிருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து அதற்குள் போய் நாற்பது நிமிஷம் நடந்தேன். மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். சாயங்காலமும் ஒரு சுற்று. வீட்டில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தேன்.

"படுக்கைய தெனைக்கும் வெயில்ல போடு" என்று தேவியிடம் சொன்னேன். அவள் காசிமேட்டுக்காரி, அதைச் சொல்லவே வேண்டாம். ராயபுரம், காசிமேட்டில் கொடியில் துணி காயப்போட்டால் துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூள் வந்து படியும். அதனால் உதறாமல் எதையும் மடிக்க மாட்டார்கள். அந்தக் கை இங்கேயும் மாறவில்லை. வெயிலில் காய்ந்த போர்வையையும் தலையணை உறையையும் தூக்கிக்கொண்டு வந்து, என் அறைக்கு நடுவில் நின்று, படார் படார் என்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் விரிப்பாள்.

நோய் கூடிக்கொண்டே போனது. கூடக்கூட நானும் நடையைக் கூட்டினேன். ஒரு மணி நேரம் நடந்தேன். நடுவில் மழை பிடித்து இரண்டு நாள் நடக்க முடியாமல் போனபோது கொஞ்சம் தேவலையாக இருந்தது. அதைக்கூட, 'நேற்று வரை நடந்ததன் பலன்' என்று எழுதிக்கொண்டது என் புத்தி.

5

ஜூன் கடைசியில் ஷாலினியின் பள்ளியில் விளையாட்டு விழா. பெரிய மைதானம், காலையில்தான் புல் வெட்டியிருந்தார்கள். அம்மா அப்பாக்கள் எல்லாரும் விரிப்பு போட்டு உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பத்தடி தள்ளி நின்றேன். சாக்கு ஓட்டம் முடிந்து திரும்பி வந்த ஷாலினி நின்று தும்மினாள். ஒன்று, இரண்டு, ஏழு. கண் இரண்டும் சிவந்து, கையால் கசக்கிக்கொண்டு தேவியின் மடியில் விழுந்தாள்.

தட்டு ஒதுக்கி, படுக்கை ஒதுக்கி, தொடாமல் இருந்தும் கொடுத்துவிட்டேனே என்றுதான் தோன்றியது. பிள்ளைக்கு நோயைக் கொடுத்த தகப்பன் என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடியே தேவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கைக்குட்டையையும் எடுத்துக் காட்டினேன்.

தேவி அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாளே பாருங்கள்.

"அறிவு கீதாய்யா உனுக்கு? மூணு வாரமா மேல தனியா போய்ப் படுத்துகினு கீறியே, இவனுக்கு நம்ம மேல இன்னா கோவம், இல்ல வேற எவளாச்சும் கீறாளான்னு நான் யோசிச்சி யோசிச்சி பைத்தியமாகிட்டு கீறேன். நீ இன்னான்னா மனசுக்குள்ள சாவு மோளம் அடிச்சிகினு கீற!"

"தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க தேவி."

"அனுப்பட்டும். காசிமேடு இன்னா கடலுக்குள்ளயா போச்சு? கொயந்தைக்குக் காட்டாம வச்சிருப்பியா?"

அப்போது கூடத்திலிருந்து ஷாலினி, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, இட்ஸ் ஒன்லி ஹே ஃபீவர். எங்க கிளாஸ்ல நெறைய பேருக்கு இருக்கு."

புல்லால் நோய் வருமா, வாயை மூடு என்று அதட்டினேன். தேவி அதைக் காதிலேயே வாங்கவில்லை. டெலிபோனை எடுத்து முதலில் டாக்டரின் அலுவலகத்தில் நேரம் வாங்கினாள். அடுத்து, நான் தடுப்பதற்குள், காலிங் கார்டு எண்ணைத் தட்டித் திருவொற்றியூருக்குப் போட்டாள்.

"மாமா, உங்களுக்கு அப்போ ஆரம்பத்துல எப்டி இருந்துச்சு? தும்மல் இருந்துச்சா? கண்ணு அரிச்சிதா?"

அந்தப் பக்கம் நைனா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வைத்தாள். "தும்மல்லாம் இல்லியாம். கண்ணும் அரிக்கலயாம். 'நான் குட்த்ததாம்மா அது?'ன்னு கேக்கறாரு" என்றாள்.

6

டாக்டரின் அலுவலகத்தில் வரவேற்பு மேஜைப் பெண், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, என்ன பிரச்சினை என்று கேட்டார். முதுகு வலி என்று சொல்லிவிட்டேன். ஆறு வயதில் பழகியது, வாய் தானாகச் சொன்னது.

டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் நைனாவில் ஆரம்பித்துக் கைக்குட்டை வரை மூச்சுவிடாமல் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சின்ன விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்தார்.

"ரத்தம் இங்கிருந்துதான். தேய்த்துத் தேய்த்து உள்ளே புண்ணாக்கி வைத்திருக்கிறீர்கள். கண்ணும் அண்ணமும் அரிக்கிறதா?"

"அரிக்கிறது."

"மழை பெய்தால்?"

யோசித்துப் பார்த்தேன். "குறையும்."

"போன வருஷம் இதே மாதத்தில் எப்படி இருந்தது?"

போன வருஷம் மே கடைசியில் தங்கை கல்யாணத்துக்குத் திருவொற்றியூர் போய் நாலு வாரம் இருந்தோம். அங்கே ஒரு தும்மல் இல்லை. திரும்பி வந்த பின் ஜூலையில் கொஞ்ச நாள் ஜலதோஷம். சொன்னேன். காலை நடையையும், திறந்த ஜன்னலையும், தேவி போர்வை உதறுவதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கதிர் விட்ட புல்லுக்குள் தினமும் நடந்தீர்களா? விடிகாலையிலா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். சிரிப்பு தும்மலாக வந்தது. மூன்று தும்மல். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூக்கைத் துடைத்தார். "எனக்கும் பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல் பூக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மகரந்தம் காற்றில் பறக்கிறது. சிலர் உடம்பு அதை விஷம் என்று தப்பாக நினைத்து விரட்டப் பார்க்கிறது. தும்மலும் ஒழுகலும் அந்தச் சண்டைதான். ஹே ஃபீவர் என்ற பெயரில் வைக்கோலும் காய்ச்சலும் இருந்தாலும் இரண்டும் கிடையாது. புது ஊருக்கு வந்தவர்களுக்கு இரண்டு மூன்று கோடை கழித்தே தொடங்குவது சகஜம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஷாலினிக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கும், ஆனால் மூச்சுக்காற்றில் இல்லை. மூக்கு, முழங்கை, பிடிவாதம் எல்லாம் எப்படி வந்தனவோ அப்படி.

"ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு இருந்திருக்கிறது, எடையும் குறைந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துவிடலாம். நான் நினைப்பது புல்தான். அப்படியே டீபியாக இருந்தாலும் மருந்து இருக்கிறது, குணமாகும், அதற்குக் காசு கிடையாது. நான் யாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை."

கடைசியாக ஒன்று கேட்டேன். மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்த டீபிக்காரர், வருஷக்கணக்கில் தனித் தட்டில் சாப்பிட வேண்டுமா?

"எதற்கு?" என்றார்.

7

எக்ஸ்ரே முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளில் எங்கள் வீடு தலைகீழாக மாறியது. காலையிலும் சாயங்காலமும் ஜன்னல் சாத்தினோம். நடை நின்றது. வெளியே போய் வந்தால் முதல் வேலை தலைக்குக் குளிப்பது, உடுத்தியதை மாற்றுவது. மூக்கு ஓரத்தில் வாசலின், வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. தினம் ஒரு மாத்திரை. ஊரில் ஜலதோஷத்துக்குக் கொடுக்கும் பழைய வகை இல்லை, அதைப் போட்டால் ஆபீஸில் கீபோர்டு மேலேயே தூங்கிவிடுவேன். இது தூக்கத்தை வரவழைக்காத வகை. அதோடு மூக்குக்கு ஸ்பிரே. நான் தலையை அண்ணாந்து அடித்து உறிஞ்ச, மருந்தெல்லாம் தொண்டைக்குப் போய்க் கசந்தது. தலையைக் குனிந்து, முனையை வெளிப்பக்கம் சாய்த்து, மெதுவாக அடிக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். ஸ்பிரே வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் இப்போதெல்லாம் ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறேன், புல் பூக்கும்வரை காத்திருப்பதில்லை. மூச்சு இழுப்பு வந்தால் மட்டும் இதெல்லாம் போதாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தேவிக்குத்தான் கஷ்டம், துணியை வீட்டுக்குள் காயப்போடுவது. "வெயில வெளிய வச்சிகினு துணிய உள்ள காயப்போடறதா? கலீஜா நாறும்யா!" என்று இன்றுவரை திட்டுகிறாள். உதறும் கையை அவளால் நிறுத்த முடியவில்லை. வாசலுக்கு வெளியே போய் உதறிவிட்டு வருகிறாள்.

நாலாம் நாள் காலையில் தும்மாமல் எழுந்தேன். அந்தக் காலைப்பொழுது எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் முழு நம்பிக்கை வரவில்லை. எக்ஸ்ரே வரட்டும் என்று தட்டையும் டம்ளரையும் அப்படியே வைத்திருந்தேன். ஷாலினியை இன்னும் தொடவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு இருமலை எல்லாம் புல் தலையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். என் தப்பு பயந்தது இல்லை. பயந்துகொண்டே, போய்க் காட்டாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்ததுதான்.

8

எட்டாம் நாள் மத்தியானம் டெலிபோன் வந்தது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. நான் மூன்று முறை நன்றி சொன்னேன். தேவி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். அவ்வளவு நிம்மதியான திட்டை நான் அதற்கு முன் வாங்கியதில்லை.

திருவொற்றியூருக்குப் போட்டேன். ஒரு மணி அடித்ததுமே நைனா எடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒன்னும் இல்ல நைனா. அது இல்லவே இல்ல. நீ குட்த்ததும் இல்ல. புல்லு ஒத்துக்கல, அவ்ளோதான்."

"புல்லா?"

"ஆமா நைனா. புல்லு பூக்குதுல்ல, அந்தத் தூளு."

நைனா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. டாக்டர் தட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.

"அத்த வுடு. கொயந்தைய தூக்கினியா?"

"இன்னும் இல்ல நைனா. ஸ்கூல்ல கீறா."

"வந்தோன்ன தூக்கு. பெரிசாய்ட்சேன்னு பாக்காத. எனுக்கு சரியாய்ட்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னப்போ உனுக்கு எட்டு வயசு. பையன் பெரியவனாய்ட்டான், இனிமே இன்னாத்த தூக்கறதுன்னு வுட்டுட்டேன்டா."

ரிசீவரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. பள்ளி வாசலில் மற்ற பிள்ளைகளின் தாய்மார்களோடு நின்றேன். ஷாலினி தோழிகளோடு வந்தாள். என்னைப் பார்த்ததும், பழகிப்போன மாதிரி, இரண்டடி தள்ளி நின்றாள். குனிந்து தூக்கினேன். நல்ல கனம். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க, புட் மீ டவுன்" என்று காலை உதைத்தாள். உதைத்துக்கொண்டே என் கழுத்தில் முகத்தை வைத்துப் பலமாக ஒரு தும்மல் தும்மினாள்.

நான் இறக்கிவிடவில்லை. வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டே வந்தேன்.